தெரிந்தவர்களுக்கு ஒரு மடவை

புருஷனைப் பார்ப்பதற்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனவள் எங்கள் ஏரிப் பக்கத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கள்ளப் புருஷன் இல்லை. அம்மன் கோயில் வாசலில் ஊரே பார்க்கத் தாலி கட்டிய அருணகிரிதான். அவரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை தோறும் மான் பண்ணை வாசலில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பலூன் கேட்டு அழும் குழந்தைகள், பின்னால் சோற்று மூட்டையோடு குடும்பங்கள், நடுவில் தலையில் கருவாட்டுக் கூடையோடு நான்.

மான் பண்ணை என்று சொல்கிறார்களே தவிர அங்கே மான் மட்டும் இல்லை. கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால், ஃபேக்டரிகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய பொட்டலில் வேலி போட்டு, இந்தப் பக்கத்துக் காட்டிலும் கரையிலும் பிடிபட்டதையெல்லாம் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். கொஞ்சம் புள்ளிமான், ஒரு நரி, ஒரு முள்ளம்பன்றி, காட்டுப்பூனை, உடும்பு, இறக்கை ஒடிந்த ஒரு கூழைக்கடா. சிங்கம், புலி எதுவும் கிடையாது. மெட்ராஸிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "சிங்கம் எங்கப்பா?" என்று தீனி போடும் சுப்பராயனிடம் சண்டைக்குப் போவார்கள். "சிங்கம் லீவுல போயிருக்குது. அடுத்த வாரம் வா" என்பார் அவர்.

எனக்குச் சிரிப்பாக இருக்கும். அந்த நரியின் பாட்டன் பூட்டனையெல்லாம் நான் எங்கள் கருவாட்டுப் பந்தலிலிருந்து கம்பெடுத்து விரட்டியிருக்கிறேன். கூழைக்கடா எங்கள் ஊரில் காக்கைக்குச் சமம். அதனால்தான் அந்த இடத்தைப் பிடித்தோம். ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்தால் யாராவது பார்ப்பார்கள். டீக்கடையில் பெண்பிள்ளை உட்கார முடியாது. ஆனால் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் காசு கொடுத்து நரி பார்க்க வரமாட்டார் என்று எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கட்டின புருஷனைப் பார்க்க இப்படி ஒளிய வேண்டிய கதை என்ன என்று கேட்பீர்கள். பாடுதான் காரணம்.

பழவேற்காடு ஏரி பெரிதாகத் தெரியும். ஆனால் இறால் வரும் இடம் கொஞ்சம். அந்த இடத்தில் இன்றைக்கு யார் வலை கட்டுவது, நாளைக்கு யார் என்று எங்கள் ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை, பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்பொழுதுக்குள் அம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போடுவார்கள். கல்யாணமான ஆணுக்குத்தான் சீட்டில் பெயர். வலைக்கு இரண்டு முனை. ஆளுக்கு ஒரு முனை பிடிக்க வேண்டும், அந்த இரண்டு பேருக்குமே சீட்டில் பெயர் இருக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துப் பாட்டில் இறங்கினால் ஊர் ஒத்துக்கொள்ளாது.

என் நைனா திருமலைக்கு ஆண்பிள்ளை இல்லை. அம்மாவும் நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டாள். பல வருஷம் நைனாவுக்கு முனை பிடித்த சித்தப்பாவும் செத்த பிறகு, அருணகிரியைப் பார்த்து எனக்குக் கட்டிவைத்தார். மாப்பிள்ளை பார்த்தாரா, வலைக்கு மறுமுனை பார்த்தாரா என்று நான் கேலி பேசுவேன். எப்படியோ நல்ல ஆளாகத்தான் பார்த்திருந்தார். ஒரு வருஷம் இரண்டு பேரும் ஒரே படகில் போனார்கள், ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். சாயங்காலம் கரையில் இரண்டு தலை தெரிந்தால் நான் உலையில் அரிசி போடுவேன்.

அப்புறம் கும்மிடிப்பூண்டியில் கம்பி ஃபேக்டரி வந்தது. எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த சமயம். அந்த வருஷம் இறாலும் சரியில்லை. லேபர் கான்ட்ராக்டர் ஒருவன் பழவேற்காடு பஜாரில் நின்று ஆள் பிடித்தான். அருணகிரி தானும் போகப்போவதாக என்னிடம் சொன்னார். நைனாவிடம் சொல்ல வாய் வரவில்லை. "நீ சொல்லு" என்று நானும், "நீ சொல்லுமே" என்று அவரும் தள்ளிக்கொண்டே இருந்தோம். கடைசியில் ஒருவரும் சொல்லவில்லை. கான்ட்ராக்டர் உடனே வா என்றான், இவர் லாரியில் ஏறிவிட்டார். மறுநாள் விடிந்தால் எங்கள் பாடு.

நைனா வலையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். வெயில் ஏறும்வரை நின்றார். ஊரே கரையில் நின்று பார்த்தது. பிறகு அடுத்த முறைக்காரர் அப்பாவு வந்து, "மாமா, ஒதுங்கிக்கோ" என்று சொல்லி வலையை இறக்கினார். நைனா கரையேறி நேராக அருணகிரி வீட்டுக்கு வந்து, என் புடவைகளைக் கட்டித் தன் கையால் எடுத்துக்கொண்டார்.

"முனைய புடிக்க அவன் எப்ப வரானோ, அப்ப நீ போலாம்" என்றார். அதற்குப் பிறகு அருணகிரியின் பெயர் அவர் வாயில் வரவே இல்லை. மாப்பிள்ளை என்ற வார்த்தையும் வரவில்லை. நானும் எதிர்த்துப் பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தால் ஊர் கேட்கும் என்பார்கள். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை. தண்ணீரில் அவர் நின்ற நிலையை நான் பார்த்திருந்தேன்.

நைனா வீச்சுவலையை எடுத்துக்கொண்டு தனியாகப் போக ஆரம்பித்தார். ஓரத் தண்ணீரில் கிடைக்கும் மடவையும் பொடிமீனும்தான். நான் கருவாடு போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் படகேறி, பஸ் மாறி, கவரைப்பேட்டைச் சந்தைக்குக் கொண்டுபோனேன். காலையில் கூடையைத் தூக்கி என் தலையில் வைப்பது நைனாதான். சந்தை முடிந்ததும் நான் மான் பண்ணைக்குப் போவேன். நைட் ஷிஃப்ட் முடித்து அரைத் தூக்கத்தோடு இவர் வருவார்.

நீர்நாய்த் தொட்டிக்கு எதிரே ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. அதுதான் எங்கள் வீடு.

அந்த நீர்நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது எங்கள் ஏரியில் பிடிபட்டது, அதுவும் நைனா வலையில். நீர்நாய் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஆகவே ஆகாது. வலையில் மாட்டின மீனைத் தின்னுவதோடு விடாது, வலையையும் கிழித்து வைக்கும். நைனா துடுப்பால் ஓங்கி ஒன்று போட்டார், இடது காது கிழிந்தது. இரண்டாவது அடிக்குள் ஃபாரஸ்ட் கார்டு வந்து சாக்கில் போட்டு எடுத்துப்போய்விட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொட்டியில் கிழிந்த காதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது இங்க சொகுசா நீச்சல் அடிச்சிகினு இருக்குது. வலைய யாரு தைக்கிறது?" என்று கத்தினேன். அருணகிரி சிரித்தார். அதுவோ என் கூடையின் வாசனை பட்டதும் ஓடிவந்து, கம்பியைப் பிடித்து இரண்டு காலில் நின்று, விசில் அடித்தது. எங்கள் தண்ணீரின் வாசனை அல்லவா! என் கோபம் எங்கேயோ போய்விட்டது. கூடையின் அடியில் ஒட்டியிருந்த பொடிமீனை எடுத்துப் போட்டேன்.

"தீனி போடக் கூடாதும்மா, போர்டு பாக்கல?" என்றார் சுப்பராயன்.

"எனக்குப் படிக்கத் தெரியாது."

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு அவர் நரிக் கூண்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷர்.

பெஞ்சில் எங்களுக்கு நடுவே கூடை இருக்கும். பகல் வெளிச்சத்தில், குழந்தைகள் ஓடும் இடத்தில், புருஷனாக இருந்தால்தான் என்ன, தொட முடியுமா? முதல் மாதம் அவர் மேல் இன்னும் உப்பு வாசனை இருந்தது. அடுத்த மாதம் எண்ணெய் வாசனை வந்தது. ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது உப்பு வாசனை சுத்தமாக இல்லை. வேறு யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி எனக்குத் திடுக்கென்றது. அன்றைக்கு அவர் எது பேசினாலும் எரிந்து விழுந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் அழுதேன். சட்டையை ஒரு தடவை நான் துவைத்துக் கொடுத்தால் போதும் என்று இருந்தது. அதற்குக்கூட எனக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி இல்லை.

"ஊடு பாத்துகினு கீறேன்மே" என்பார் ஒவ்வொரு வாரமும்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் எந்த ஊர் என்று கேட்பார்களாம். ஏரிக்கரை என்றதும், "மீன்காரங்களுக்குக் குடுக்கறது இல்லீங்க, நாத்தம் ஆவாது" என்பார்களாம். அவர் ஏழெட்டுப் பேரோடு தங்கியிருந்த ரூமிலும் அதே சட்டம். மீன் சமைத்தால் வெளியே போக வேண்டியதுதான். ஆரம்பத்தில் ஒரு தடவை நான் இறால் கொண்டுவந்து நீட்டினேன். "எங்க வெச்சிப்பேன்மே?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மீன் தின்று எவ்வளவு நாளாயிற்று என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

"அந்த நரிக்குக்கூட சர்க்காரு ஊடு கட்டிக் குடுத்துக்குது. தண்ணி, சோறு எல்லாம் உள்ளயே வருது. நம்மள எவனாவது புடிச்சிகினு வந்து அடைச்சா நல்லாருக்கும்" என்றேன்.

"ஒரே கூண்டுல அடைப்பானா?"

"கேட்டுப் பாப்போம்."

சுப்பராயன் பெல் அடிக்கும்வரை இப்படிப் பேசிக்கொண்டிருப்போம். பெல் அடித்தால் மானெல்லாம் கொட்டகைக்குப் போகும். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போவோம்.

இதற்கு நடுவில் ஒரு புது வழக்கம் வந்தது. காலையில் நான் கூடையைக் கட்டும்போது, கருவாட்டுக்கு மேலே ஓலையில் சுற்றி ஒரு மடவை மீன் இருக்கும். பொடி மடவை இல்லை, முதுகு கறுத்து, சினை பிடித்த நல்ல மடவை. ராத்திரி பிடித்த மீனில் பெரியது அதுவாகத்தான் இருக்கும்.

"இது இன்னா நைனா?"

"விக்காத. தெரிஞ்சவங்களுக்குக் குடு" என்று சொல்லிவிட்டு வலையை உதற ஆரம்பித்துவிட்டார்.

தெரிந்தவர்கள் என்றால் யார்? பஸ் கண்டக்டர் துளசிராமன்தான் எனக்கு நினைவுக்கு வந்தார். மீன் கூடையை முகம் சுளிக்காமல் மேலே ஏற்ற விடுபவர் அவர் ஒருவர்தான். ஆனால் அந்த ஆளுக்கு நாலு ஊரில் இருந்து மீன் வருகிறது, என் மடவையும் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. சந்தையில் விற்கவும் கூடாது. அருணகிரிக்குக் கொடுத்தால் வைக்க இடம் இல்லை. கடைசியில் அது நீர்நாய்க்குப் போயிற்று. தலையைக் கடித்து, முன்னங்கால் இரண்டாலும் பிடித்துக்கொண்டு அது தின்னும் அழகை நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தோம். அடுத்த வாரமும் ஒரு மடவை வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. மழைக்காலத்தில் மீனே இல்லாத வாரத்திலும் ஓலைச் சுருளுக்குள் அது ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் காதறுந்ததே தின்றது. நன்றாகக் கொழுத்தும் போயிற்று.

மாசி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அருணகிரி ஓடிவந்தார். நடந்து வருகிறவர் அன்றைக்கு ஓடிவந்தார்.

"ஊடு கெடச்சிடுச்சிமே! நம்ம ஜோசப் இல்ல, என்கூட ஃபர்னஸ்ல நிக்கிறாரே, அவரு லைன் ஊட்டுல பக்கத்து ரூம் காலியாவுது. மீனு, கறி எது வேணா ஆக்கிக்கோன்றாங்க அவரு சம்சாரம் மேரியக்கா."

கூடையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றேன். அடுத்த நிமிஷம் நைனா நினைவுக்கு வந்தார்.

"பங்குனி கடைசியில சீட்டு. பாட்டுக்குத்தான் வரல, சீட்டுக்கும் நீ வந்து நிக்கலன்னா உன் பேர எடுத்துருவாங்க. உன் பேரு போச்சுன்னா நைனா பாடும் போச்சு."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "ஒரு நாள் வரலாம்மே. அப்புறம் பாட்டுக்குப் பாடு யாரு வருவாங்க? பர்மனன்ட் ஆவுற நேரம். உங்க நைனாவ ரெண்டாந்தபா தண்ணில நிக்க வெக்க என்னால ஆவாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கே வந்துடு. அவரு கோயிலாண்ட இருப்பாரு. பொடவைய கூடைல வெச்சிகினு வந்துடு. இங்கிருந்து நேரா ஊட்டுக்குப் போய்டலாம்" என்றார்.

நான் சரி என்றேன். இப்போதும் அதை நினைத்தால் எனக்கு வெட்கம் வருவதில்லை. இருபது வயசுப் பெண் புருஷனோடு ஒரு கூரையின் கீழே படுக்க ஆசைப்பட்டேன், அதில் என்ன தப்பு? ஆனால் அந்த நாள் வரும்வரை குழம்பில் உப்புப் போட்டேனா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. நைனா அப்படியே சாப்பிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. நைனா குளித்து வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். நான் கூடையின் அடியில் மூன்று புடவையை வைத்து, மேலே கண்துடைப்புக்குக் கொஞ்சம் கருவாட்டைப் பரப்பினேன். ஓலைச் சுருளைத் தேடினேன். அன்றைக்கு மட்டும் மடவை இல்லை. சீட்டு நாளின் கவலையில் மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

நைனா வந்து கூடையைத் தூக்கினார். இடுப்பளவு தூக்கியவர் அப்படியே ஒரு கணம் நின்றார். பிறகு என் தலையில் வைத்து, சும்மாட்டைச் சரிசெய்தார்.

"பாத்துப் போ" என்றார்.

எப்போதும் சொல்வதுதான். படகு நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். அவர் கோயில் பக்கம் போகவில்லை, கரையிலேயே நின்றுகொண்டிருந்தார். இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. இறங்கவில்லை.

மான் பண்ணையில் அருணகிரி எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். "போலாமா?" என்றார். "கொஞ்சம் இரு" என்றேன். அன்றைக்கு அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க எனக்குக் கால் வரவில்லை. எழுந்தால் நைனாவை விட்டுவிட்டேன் என்று ஆகிவிடும். உட்கார்ந்திருக்கும்வரை சந்தைக்கு வந்தவள்தானே நான்? நீர்நாய் கம்பிக்கு வந்து மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்றதும் கோபித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது.

அப்போதுதான் நரிக் கூண்டின் முன்னால் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. கையில் டிக்கெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தோளில் துணிப்பையோடு, நரியை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். "இத்தப் பாக்கவா காசு?" என்று சுப்பராயனிடம் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

என் நைனா.

அருணகிரி எழுந்து நின்றுவிட்டார். நான் கூடையைக் கிட்டே இழுத்துக்கொண்டேன். நைனா எங்களிடம் வந்து, என்னைப் பார்க்காமல், நேராக அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"மடவ நல்லாருந்துச்சா?" என்று கேட்டார்.

அருணகிரிக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. தெரிந்தவர்கள்! பெயரைச் சொல்ல வாய் வராத மனுஷர், வாரா வாரம் மாப்பிள்ளைக்கு மீன் கொடுத்தனுப்பியிருக்கிறார். நான் இங்கே வருவது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. எங்களுக்குப் புரிந்திருக்கும் என்று அவரும், அவருக்குத் தெரியாது என்று நாங்களும் இருந்திருக்கிறோம்.

அருணகிரி எப்படியோ சமாளித்து, "நல்லாருந்துச்சி மாமா" என்றார்.

அதே நேரத்தில் தொட்டியில் தண்ணீர் கலங்கியது. காதறுந்தது பாய்ந்து வந்து கம்பியைப் பிடித்து நின்று, நைனாவின் துணிப்பையைப் பார்த்து விசில் அடித்தது. விட்டு விட்டு அடித்தது, வேலிக்கு வெளியே மூக்கை நீட்டியது. பலூன் கேட்டு அழும் குழந்தை மாதிரி உரிமையாகக் கேட்டது. நைனா அதைப் பார்த்தார். கிழிந்த காதைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"எல்லாத்தயும் இவன்தான் துன்னானா?"

நான் தலையை ஆட்டினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ரூம்ல மீன் ஆக்க உட மாட்டேன்றாங்க நைனா. நீ யாருக்குன்னு சொல்லல…"

நைனா பெஞ்சில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறிப்போய்க் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"படவா! வலையயும் கிழிச்சான், எங்க மாப்ள மீனயும் துன்னுட்டான்!"

மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டது அவருக்கே தெரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அருணகிரி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நைனா பையிலிருந்து ஓலைச் சுருளை எடுத்தார். அன்றைய மடவை அதில் இருந்தது. "இன்னிக்கு நானே குடுக்கலாம்னு எடுத்து வெச்சிருந்தேன். கைய நீட்டு" என்றார். அருணகிரி நீட்டிய கையில் மீனை வைக்கப் போனவர் நிறுத்திவிட்டார். உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் சுட்ட தழும்புகள். அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாது?"

"கம்பி மாமா. சூடா வரும், பொறி தெறிக்கும்."

"மருந்து போடறியா?"

"போடறேன்."

நைனா கையை விடவில்லை. வலையின் மறுமுனையைப் பிடித்த கை அது. நீர்நாய் மட்டும் விசிலை நிறுத்தவில்லை.

அப்போதுதான் நான் அண்ணாந்து பார்த்தேன். சூரியன் உச்சிக்கு வந்திருந்தது.

"நைனா! சீட்டு!"

"இந்நேரம் போட்டு முடிச்சிருப்பாங்க."

"நீ நிக்கலயா?"

"முனையில்லாத வலைக்கு சீட்டு இன்னாத்துக்கு?" என்றார், ஏதோ அடுத்த ஊர்ச் சமாசாரம் மாதிரி. பிறகு கூடையைத் தட்டினார். "காலைல தூக்கறப்பவே தெரிஞ்சிப் போச்சி. கருவாடு இவ்ளோ லேசா இருக்காது. நீ பாட்டுக்குப் போய்ட்டா ஊரு இன்னா சொல்லும்? திருமலை பொண்ணு ஓடிப்போய்ட்டான்னு சொல்லும். கட்டின புருசனோட ஓடிப் போவுறதுக்கு நீ இன்னா பைத்தியமா? நானே தூக்கி வெச்சி அனுப்பறேன், எழுந்திரு."

"நான் உன்கூடவே வந்துடறேன் நைனா" என்றேன். அந்த நிமிஷம் நிஜமாகவே சொன்னேன். அருணகிரி வாயைத் திறக்கவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பேன். பேசாமல் நின்றதால் போக முடியவில்லை.

"பைத்தியம்" என்றார் நைனா. கூடையைத் தூக்கி என் தலையில் வைத்தார். சும்மாட்டைச் சரிசெய்தார். "பாத்துப் போ" என்றார்.

லைன் வீட்டு வாசல்வரைகூட வரவில்லை. "பொண்ணு ஊட்டுல ஒரு பேரப்புள்ள பொறக்கற மட்டும் கை நனைக்கக் கூடாது. வந்தா நீ சோறு போடுவே, நான் துன்னலன்னா வருத்தப்படுவே. எதுக்கு?" என்று சொல்லி, மான் பண்ணை வாசலிலேயே திரும்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் அந்த மடவையை நான்தான் குழம்பு வைத்தேன். எங்கள் வீட்டின் முதல் குழம்பு. அருணகிரி சினையை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, தலை நிமிராமல் சாப்பிட்டார். சட்டியை வழித்துச் சாப்பிட்டார். அதற்கப்புறம் அவர் சட்டையை வாரா வாரம் நான்தான் துவைக்கிறேன். எண்ணெய் வாசனை போகவே போகாது, எனக்கு அது பழகிவிட்டது. தூக்கத்தில் அவர் மூச்சு விடுவது பக்கத்திலேயே கேட்கிறது. இதற்குத்தானே அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் காத்திருந்தேன்!

இருந்தும் சனிக்கிழமை வந்தால் எனக்கு மறுபடியும் அதே படபடப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையை வாரிக்கொண்டு மான் பண்ணைக்குப் போகிறேன். பேரப்பிள்ளை இன்னும் வந்தபாடில்லை. அதுவரை நைனா எங்கள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார். அதனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருக்கிறேன். அவர் நரியைத் திட்டிவிட்டுத்தான் என்னிடம் வருவார். துணிப்பையில் இரண்டு ஓலைச் சுருள் இருக்கும். சின்னதை எடுத்துத் தொட்டியில் போடுவார். பெரியதை என்னிடம் கொடுத்து, "தெரிஞ்சவங்களுக்குக் குடு" என்பார். போன வாரத்து மீன் நன்றாக இருந்ததா என்று கேட்பார். நன்றாக இருந்தது என்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் கையில் ஓரத் தண்ணீரின் சேறு காய்ந்திருந்தது. இப்போது வீச்சுவலையோடு சின்ன வலை ஒன்றும் கட்டுகிறாராம், பாட்டுக்கு வெளியே, யாரும் கேட்காத இடத்தில். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மறுமுனைய யாரு நைனா புடிக்கறாங்க?"

"கழி ஒண்ணு நட்டு அதுல கட்டிக்கிறேன்."

"நிக்குதா?"

"நல்லா நிக்குது" என்றார் நைனா, தொட்டியைப் பார்த்துக்கொண்டே. "பேச மாட்டேன்னுது, அவ்ளோதான்."

சுப்பராயன் பெல் அடித்தார். மானெல்லாம் கொட்டகைக்குப் போயின. நான் அவர் பையை எடுத்து அவர் தோளில் மாட்டி, "பாத்துப் போ நைனா" என்றேன்.